படுக்கையறையில் மட்டும் வருகிற ‘டக்’

மார்ச் 18

ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டுகிற ஆம்ப் வந்துவிட்டது. சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. கூரியர்காரன் வாசலில் எறிந்த எறியில் உள்ளே என்னென்ன உடைந்ததோ என்று பதறிப்போய்ப் பிரித்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

ஹாலில் இருக்கிற இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் பெட்ஷீட் போட்டு மூடி ஐந்து வாரம் ஆகிறது. மனைவி லீதியாளுக்குப் பக்கவாதம் வந்தது பிப்ரவரி 11. வலது கை, வலது கால் இரண்டும் போயிற்று. பேச்சும் போயிற்று. வீட்டில் சத்தம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இனி ஹெட்போன்தான். என்னிடம் இருப்பது திறந்த வகை, காதுக்கு வெளியே வலை போட்டது. மின்தடை முந்நூறு ஓம். அதை நேராகப் போனில் செருகினால் பாட்டுக்கு உயிரே இருக்காது, அதைத் தள்ள போனுக்கு வலு போதாது. அதற்குத்தான் இந்த ஆம்ப்.

வேலைக்கு வைத்த பேச்சியம்மாள் காலை ஏழுக்கு வந்து லீதியாளைத் துடைத்து, துணி மாற்றி, பகல் ஒரு மணிக்குப் போகிறாள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அடுப்படியில் இருப்பாள். அந்த ஒரு மணி நேரம் நோயாளி பக்கத்தில் ஆள் வேண்டும், ஆகவே நான் இருப்பேன். ஜன்னலைப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறேன், கட்டிலுக்கு முதுகு காட்டி. வெளிச்சத்துக்காக.

மார்ச் 20

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷீபா வந்திருந்தது. சின்னப் பெண், ஆனால் விஷயம் தெரிந்தது. லீதியாளின் கண்ணைப் பார்த்து அரைமணி நேரம் பேசியது. படம் காட்டியது, மணி அடித்தது. லீதியாள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

முதல் மூன்று மாதம்தான் முக்கியமாம். அதற்குள் அவளாக ஏதாவது ஒரு முயற்சி செய்ய வேண்டும், ஒரு சத்தமோ சைகையோ எதுவானாலும் சரி. அது வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்குக் கொண்டுபோய்விடலாம். மே 12 வரை ஷீபா பார்க்கும். ஒன்றுமே இல்லையென்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு, படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வதோடு விட வேண்டியதுதான். ஒரு கட்டுத் தாள் கொடுத்திருக்கிறது. பதில் தாள். தினமும் சாயங்காலம் நான் அதில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ எழுத வேண்டும்.

போகும்போது, “அங்கிள், ஆன்ட்டிக்குப் பாட்டுன்னா பிடிக்குமா?” என்று கேட்டது. பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் பாட்டு மிச்சம் இருக்குமாம். நான் சிரித்துவிட்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் ‘அதைக் கொஞ்சம் குறைங்களேன்’ என்பதைத் தவிர என் பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கும் பாட்டுக்கும் ஒட்டே கிடையாது என்றேன்.

அவள் மறுபடி பேச வேண்டும். இப்போது என் ஜெபமெல்லாம் அது ஒன்றுதான்.

மார்ச் 24

இந்த நாலு நாளில் பிடிபட்டவை: போனில் சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்பில்தான். குமிழ் ரொம்பக் கீழே இருந்தால் ஒரு காதில் அதிகம், ஒரு காதில் குறைவு. பாதிக்கு மேல் வந்தால் சமம். வலுவைக் கூட்டிக் குறைக்கிற கெயின் சுவிட்ச் ‘ஹை’யில் இருக்க வேண்டும், இந்த ஹெட்போனுக்கு ‘லோ’ பற்றாது. சார்ஜ் ஏறும்போது கேட்கவே கூடாது, அடியில் ஒரு ஹம் ஓடுகிறது. போனின் காது ஓட்டையை நம்பாமல், சார்ஜ் ஓட்டை வழியாகச் சின்ன கேபிள் போட்டு எடுத்தேன். அட, என்ன சுத்தம்! தபேலாக்காரர் விரலை எடுப்பது தனியாகக் கேட்கிறது.

திறந்த ஹெட்போன் என்பதால் வெளியே கொஞ்சம் கசியும். அடுப்படி வரை கேட்குது என்று பேச்சியம்மாள் சொன்னாள். அவ்வளவு மோசமில்லை.

லீதியாள் கஞ்சி அரை டம்ளர். பதில் தாள்: இல்லை.

மார்ச் 29

பல்லவி முடிந்து அமைதியாக வருகிற இடத்தில் ஒரு சத்தம். டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் எனக்கு இதுதான் வேலை. லைனில் இரைச்சல் என்று புகார் வந்தால், அது வீட்டிலா, கம்பத்திலா, கேபிளிலா, எக்ஸ்சேஞ்சிலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து இடத்தைப் பிடிப்பது. ‘ஆசீர் கைக்குப் போன ஃபால்ட் திரும்பி வராது’ என்று பெரிய அதிகாரியே சொல்லியிருக்கிறார். என்னிடமேவா?

பதில் தாள்: இல்லை.

மார்ச் 30

டக் இன்றும் உண்டு. பதில் தாள்: இல்லை.

ஏப்ரல் 2

கேபிள் மாற்றினேன். பேட்டரியை முழுசாகக் காலி செய்து மறுபடி ஏற்றினேன். கெயினைக் குறைத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. இன்று நேற்றைவிட அதிகம், ஒரு பாட்டுக்கு இருபது முப்பது தடவை.

என்னோடு வேலை பார்த்த காந்திமதிநாதனுக்குப் போன் போட்டேன். அவனும் இந்தப் பைத்தியம் பிடித்தவன்தான், ஆம்பை வாங்கச் சொன்னதே அவன். போன் டவரைத் தேடும்போது அப்படி வரும், ஃபிளைட் மோடில் போட்டுக் கேள் என்றான்.

ஏப்ரல் 4

ஃபிளைட் மோடில் போட்டேன். டக் போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஷீபா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறது. சாயங்காலம் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டேன். ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்கத்தானாம். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 7

ஹாலில் உட்கார்ந்து அதே பாட்டு, அதே ஆம்ப், அதே ஹெட்போன். ஒரு டக் கூட இல்லை. எழுந்து படுக்கையறைக்குப் போனேன். இரண்டாவது நிமிஷம் டக்.

ஆக, ஃபால்ட் ஆம்பில் இல்லை, அந்த அறையில் இருக்கிறது. பாதி வேலை முடிந்த மாதிரி. சந்தோஷமாக இருந்தது. அந்த அறையில் ஓடுவது மின்விசிறி, அப்புறம் லீதியாளின் காற்று மெத்தைக்கு அடியில் உள்ள பம்ப். முதுகில் புண் வராமல் இருக்க அந்த மெத்தை விடாமல் ஏறி இறங்க வேண்டும். பம்புக்குள் மோட்டார் இருக்கிறது. மோட்டார் இருந்தால் மின்பொறி இருக்கும், அது ஆம்பில் டக் என்று கேட்கும்.

ஏப்ரல் 8

பதினொன்றுக்குப் பம்பை அணைத்தேன். டக் இருந்தது. விசிறியையும் அணைத்தேன். இருந்தது. ஆக, பம்பும் இல்லை, விசிறியும் இல்லை. மண்டை காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 9

பம்பைத் திரும்பப் போட மறந்திருக்கிறேன். நேற்று முழுவதும் மெத்தை சும்மா கிடந்திருக்கிறது. இன்று துடைக்கும்போது இடுப்புக்குக் கீழே சிவந்திருப்பதைப் பேச்சியம்மாள் கூப்பிட்டுக் காட்டினாள். கரண்ட் போயிருக்கும் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். களிம்பு போட்டிருக்கிறது.

ஏப்ரல் 13

தூத்துக்குடியிலிருந்து நவமணி வந்திருந்தாள். லீதியாளின் தங்கை. பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவள், யாரையும் நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான் நடத்துவாள். அக்காவின் இடுப்பைப் பார்த்தாள், பதில் தாள்களைப் புரட்டினாள், ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். ஆம்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

“அன்னைக்கும் பாட்டுதான் கேட்டுக்கிட்டு இருந்திய, இல்லியா அத்தான்?”

அம்மா எத்தனை மணிக்கு அடுப்படியில் விழுந்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது பத்தே முக்கால் என்று சொன்னேன். ஒரு நேரம் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். ஹாலில் ஸ்பீக்கர் ஓடினால் அடுப்படிச் சத்தம் எவனுக்குக் கேட்கும்?

சரியாகப் பார்க்க முடியவில்லையென்றால் மே 12க்குப் பிறகு அக்காவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 15

இன்று ஒன்று கவனித்தேன். டக் கண்ட இடத்தில் வருவதில்லை. தாளத்தில் வருகிறது. சரணத்தில் நடை மாறுகிற இடத்தில் கொஞ்சம் தடுமாறி, பிறகு சேர்ந்துகொள்கிறது. அப்படியானால் பாட்டைப் பதிந்த ஃபைலில் கோளாறு. ஆனால் ஹாலில் ஏன் வரவில்லை?

ஹெட்போனை வலது இடது மாற்றி மாட்டிப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் முதலில் செய்கிற சோதனை இது. மாட்டியதை மாற்றினால் சத்தமும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. இடது பக்கமே நின்றது. அந்த நாற்காலியில் எனக்குப் பின்னால், இடது பக்கமாகக் கட்டில். மேற்கொண்டு யோசிக்கப் பிடிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பதில் தாள்: இல்லை.

ஏப்ரல் 20

ஈஸ்டர். எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, லீதியாளின் உதட்டில் திராட்சை ரசத்தைத் தொட்டு வைத்தார். அவள் கண்ணில் நீர் வந்தது. காற்று பட்டால்கூட வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். இல்லை என்றே எழுதினேன்.

ஏப்ரல் 23

காந்திமதிநாதன் இயர்போன் ஒன்று அனுப்பியிருக்கிறான். காதுக்குள்ளே போகிற வகை, முனையில் நுரை ரப்பர். விரலால் நசுக்கிக் காதில் வைத்தால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்கிறது. பதினாறு ஓம்தான், ஆகவே கெயினை ‘லோ’வுக்கு மாற்றி, குமிழைக் குறைத்து, அப்புறம் மெதுவாக ஏற்றினேன்.

டக் இல்லை. ஒன்றுமே இல்லை. விசிறி இல்லை, தெரு இல்லை, பேச்சியம்மாளின் கரண்டிச் சத்தம் இல்லை. பாட்டு மட்டும் இருக்கிறது. வயலின் தொடங்குவதற்கு முன்னால் வாசிப்பவர் மூச்சிழுப்பது கேட்கிறது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிப்ரவரிக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசானது இன்றுதான். ஆசீர் கைக்குப் போன ஃபால்ட் திரும்பி வராது.

ஏப்ரல் 25

அருமை. பதில் தாள்: இல்லை.

மே 3

வெயில் கொல்கிறது. லீதியாள் கஞ்சியைத் துப்புகிறாள். காலையிலிருந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்கிறாள், திருப்பினாலும் மறுபடி அங்கேயே போகிறது. வெயில் காரணம் என்று நினைக்கிறேன்.

மே 12

ஷீபா வந்தது. ஐம்பத்து மூன்று தாள், ஐம்பத்து மூன்று ‘இல்லை’. ஒவ்வொன்றாகத்தான் புரட்டிப் பார்த்தது. லீதியாளிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தது, கையைப் பிடித்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு என்னை ஹாலுக்குக் கூட்டி வந்து, “நீங்க உங்களால முடிஞ்சதப் பண்ணிட்டீங்க அங்கிள்” என்றது. அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது, நான்தான் தண்ணீர் கொடுத்தேன். பயிற்சி இன்றோடு நின்றது.

நவமணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வேன் கொண்டுவருகிறாளாம். நான் மறுக்கவில்லை.

மே 15

பேச்சியம்மாள் லீதியாளின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அண்ணாச்சி, மதினி முன்ன தாளம் போடுவாவள்லா, இப்ப ஏன் போட மாட்டேங்காவ?”

என்ன தாளம் என்றேன்.

“நீங்க பாட்டு கேக்கையில. அந்தப் பெரிசு காதுல மாட்டுவியள்லா, அதுலேர்ந்து லேசாக் கேக்கும். அதுக்கு இந்த இடது கை வளையல கட்டில் கம்பில தட்டுவாவ. நான் ஒலைய வச்சிட்டு எட்டி எட்டிப் பாப்பேன். ரெண்டு பேரும் சேந்துதான் கேக்கியன்னு நெனச்சேன். புருசன் பொண்டாட்டி நடுவுல நான் என்னத்தச் சொல்ல?”

எப்போது நின்றது என்று கேட்டேன்.

“நீங்க அந்த ரப்பர் வச்சத காதுக்குள்ள வச்ச பொறவு. மொத ரெண்டு நாளு பாட்டுச் சத்தமே இல்ல, ஆனாலும் தட்டுனாவ. வேகமாத் தட்டுனாவ. உங்க முதுகப் பாத்துக்கிட்டே. பொறவு விட்டுட்டாவ.”

அவள் போன பிறகு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது. டக் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அதற்குக் கீழேயே இல்லை என்று எழுதியிருக்கிறேன். பாவி. தலையைத் திருப்பியிருந்தால் போதும். வெளிச்சத்துக்காக என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். கோணிப்போன அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் நாற்காலியை அப்படிப் போட்டேன்.

மே 16

விடிந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். திறந்த ஹெட்போனை ஆம்பில் செருகி, கெயின் ‘ஹை’, குமிழ் முழுசும் திருப்பி, அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுடைய இடது கையை எடுத்துக் கம்பியின்மேல் வைத்தேன். கை கனமாக இருந்தது. அதே பாட்டுகள், அதே வரிசை. அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்தேன்.

லீதியா, தட்டு என்றேன். நான் கேட்கிறேன் என்றேன். ஒன்பதரைக்கு வேன் வரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். கை கம்பியிலிருந்து வழுக்கி மெத்தையில் விழுந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

நவமணியிடம் சொல்ல வாயெடுத்தேன். ஸ்ட்ரெச்சரைத் தூக்குகிற அவசரத்தில் அவள் திட்டிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

மே 17

சொல்லவில்லை.

மே 18

சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். லீதியாள் விழுந்த அன்றைக்கு ஹாலில் நடந்தது, இப்போது இது. அதற்குப் பிறகு நவமணியின் வாசற்படியை நான் மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் லீதியாளை ஒன்றும் தெரியாத கட்டை என்று நினைத்து வாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பார்கள், அவள் உள்ளே முழுசாக இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையிலிருந்து இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். இவ்வளவு கோழையா நான்?

மே 19

சொல்லிவிட்டேன். நவமணியிடம், போனில். பம்பை அணைத்ததையும் சொன்னேன். விழுந்த நேரம் எனக்கு நிஜமாகவே தெரியாது என்பதையும் சொன்னேன்.

“எத்தன நாள் அப்பிடித் தட்டுனா?”

“மார்ச் இருபத்தொம்பதுலேர்ந்து. நாட்குறிப்புல தேதியோட இருக்கு.”

“எழுதி வேற வச்சியளாக்கும்” என்றாள். பிறகு, அங்கே பேச்சுப் பயிற்சிக்கு ஆள் பார்ப்பதாகவும், அவளாகக் கூப்பிடும் வரை நான் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லி வைத்துவிட்டாள். ஷீபாவிடமும் சொன்னேன். அது அழுதது. தூத்துக்குடியில் இருக்கிற ஒரு நல்ல அம்மாவின் நம்பரைக் கொடுத்தது. அதை நவமணிக்கு அனுப்பிவிட்டேன்.

மே 30

பேச்சியம்மாள் வேறு வீட்டுக்குப் போகிறாள். சமையல் நானே. ஆம்பைத் தொடவில்லை.

ஜூன் 11

ஒன்றுமில்லை.

ஜூன் 27

நவமணி கூப்பிட்டாள். நாற்பது நாள் ஆகிறது அவள் குரல் கேட்டு. குளித்து ஈரத்தோடு நின்றபடியே பேசினேன்.

அந்த அம்மா பாட்டிலிருந்துதான் தொடங்கினார்களாம். சர்ச்சில் பாடுகிற கீர்த்தனைகளைப் பாடப்பாட, இரண்டாவது வாரத்திலேயே லீதியாள் கையைத் தட்டினாளாம். பிறகு முனகினாளாம், ராகம் தப்பாமல். பிறகு பாட்டுக்குள் வருகிற வார்த்தைகள். இப்போது பாட்டு இல்லாமலே சில வார்த்தைகள் தனியாக வருகின்றனவாம். தண்ணி என்கிறாளாம். நவமணியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று நவமணியைக் கேட்டேன்.

“என்கிட்ட ஏன் கேக்கிய? அக்காகிட்டயே கேளுங்க. காதுல வைக்கேன்.”

துணி உரசுகிற சத்தம். பிறகு மூச்சு. அவள் மூச்சு எனக்குத் தெரியும்.

“லீதியா, நான்தான். ஞாயித்துக்கிழமை உன்னப் பாக்க வரட்டுமா?”

ரொம்ப நேரம் ஆயிற்று. மூச்சு மட்டும் வந்து போயிற்று. வார்த்தையைத் தேடுகிறாள் என்று புரிந்தது. அவசரப்படுத்தக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

“வேண்டாம்” என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, கஷ்டப்பட்டு, முழுசாகச் சொன்னாள். முப்பத்து நாலு வருஷமாகக் கேட்ட அதே குரல்.

நவமணி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “கேட்டிச்சா அத்தான்? இங்க லைன் அவ்வளவா சரியில்ல.”

கேட்டது என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.